சேலைகள் உலர்ந்த புல்தரை

என் கணவர் குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். பறித்து வரும் கொழுந்தை வாட்டி, உருட்டி, பதமாகச் சிவக்கவிட்டு, உலர்த்தித் தூளாக்குகிற வரைக்கும் எல்லாம் அவர் பொறுப்பு. கொழுந்து நிறைய வருகிற மாதங்களில் இயந்திரங்கள் இரவு முழுக்க ஓடும். அவர் விடிகிற நேரத்தில் வந்து படுப்பார். நான் அப்போது எழுந்துகொள்வேன். கல்யாணமாகிப் பல வருஷங்கள், ஒருவர் விட்டுப்போன கட்டில் சூட்டில்தான் இன்னொருவர் படுத்தோம். அதில் எனக்குக் குறையொன்றும் இருந்ததில்லை. குடித்தனம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

பிறகு தேயிலைக்கு விலை விழுந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். பறிக்கிற கூலிகூடத் தூளில் வராது என்றார்கள். வாரத்தில் சில நாட்கள் ஓடிய தொழிற்சாலை பிறகு ஒரு நாள் ஓடியது, மார்கழிக் கடைசியில் ஒரேயடியாக நின்றது. விலை தேறட்டும், பார்க்கலாம் என்று கோயமுத்தூரிலிருந்து முதலாளி சொல்லியனுப்பினார். வீட்டைக் காலி பண்ணச் சொல்லவில்லை. எங்கள் மகள் கோயமுத்தூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஆக, மலைச்சரிவில் தனியாக நின்ற அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும், முதல் முறையாகப் பகல் முழுவதும் ஒன்றாக இருந்தோம்.

அந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் கழிந்தவை போலத்தான் தோன்றுகிறது. அவருக்குச் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியாது. எனக்கு அவர் மத்தியானத்தில் என்ன சாப்பிடுவார் என்று தெரியாது. “கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?” என்று நான் கேட்பேன். “போதும், போதும்” என்று அவர் கையால் இலையை மறைப்பதுபோலத் தட்டை மறைப்பார். யாரோ ஒரு வீட்டுக்கு இரண்டு பேரும் விருந்துக்குப் போயிருந்த மாதிரி இருக்கும். சாப்பிட்டதும் அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து வெளியே பார்ப்பார். நான் அரிசி புடைத்துக்கொண்டே அவர் முதுகைப் பார்ப்பேன். வெயில் சுவரில் மெல்ல ஏறிப் போகும்.

ஜன்னலுக்கு வெளியே இருந்தது புல்தரை. எஸ்டேட்டில் எல்லாரும் அதை லான் என்பார்கள். எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த யாரோ போட்டது. நான் அன்னூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்த புதிதில் அதைப் பார்த்து, “மாடு இல்லாத ஊட்டுல இத்தன புல்லு எதுக்குங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். எஸ்டேட் தோட்டக்காரர் வாரம் ஒருமுறை வந்து வெட்டிவிட்டுப் போவார். நான் அதில் கால் வைத்தது குறைவு. விலை விழுந்தபோது முதலில் நின்றுபோனது தோட்டக்காரரின் வேலைதான்.

அந்தத் தை மாதம் உறைபனி கடுமையாக விழுந்தது. காலையில் பார்த்தால் புல் மேல் உப்பைத் தூவிய மாதிரி வெள்ளையாக இருக்கும். வெயில் ஏறியதும் பனி உருகி, நுனியெல்லாம் தீப்பட்டதுபோலக் கருகும். பனி போனதும் வறட்சி தொடங்கியது. மேகமே இல்லாத, கண்ணாடி மாதிரி வானம். எதிர்மலையில் புல் முழுக்கப் பழுத்து வைக்கோல் நிறமாகியிருந்தது. பறிக்காமல் விட்ட தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்குக் கிளம்பி, இலை முற்றிக் கருத்து நின்றன.

ஒரு நாள் காலை அவரை ஜன்னலோரம் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், குரங்குக் குல்லாவும் கம்பளிச் சட்டையுமாகப் புல்லில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். விரலால் புல்லை விலக்கி வேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் சிவக்கிற இலையை அப்படித்தான் விலக்கிப் பார்ப்பார், மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்ப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பார்த்ததில்லை.

“என்னங்க பண்றீங்க?”

“மேலதான் கருகியிருக்குது புள்ள. அடியில உசுரு இருக்குது.”

அன்றிலிருந்து புல் அவருடைய வேலையாகிவிட்டது. ஒட்ட வெட்டக் கூடாது என்றார். கொஞ்சம் வளர்ந்திருந்தால் தன் நிழலில் தானே வேரைக் காத்துக்கொள்ளும். தொழிற்சாலைக்கு வெளியே மூட்டையில் கிடந்த தேயிலைக் கழிவை, காம்பும் நாருமாக, கைப்பிடி கைப்பிடியாகத் தூவினார். ஈரம் சீக்கிரம் போகாதாம். தண்ணீர்தான் பிரச்சினை. எங்கள் வீட்டுக்கு மேலே சோலையில் ஒரு சின்ன ஊற்று உண்டு. அதிலிருந்து குழாய் வழியே பின்பக்கத் தொட்டிக்குத் தண்ணீர் தானாகவே இறங்கி வரும். அந்தக் கோடையில் அது விரல் கனத்துக்கு வந்தது. குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற எனக்கு மனசு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. அரிசி கழுவியது, குளித்தது, பாத்திரம் அலசியது என்று வாளியில் பிடித்துவைத்து, வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் எடுத்துப்போய் ஊற்றினோம். புல்தரையின் ஒரு ஓரம் நனைவதற்குள் வாளி காலியாகிவிடும். அந்த ஓரம் மட்டும் பச்சையாக இருந்தது.

மாசியில் கீழே லயத்தில் தண்ணீர் நின்றுபோனது. தொழிலாளர்களின் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். அதைத்தான் லயம் என்பார்கள். அங்கிருந்தவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அவர்களுக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது தொழிற்சாலையின் மோட்டார். மின்சாரத்தைத் துண்டித்ததும் மோட்டாரும் நின்றது. ஆண்களில் பாதிப் பேர் ஏற்கனவே திருப்பூருக்கு வேலை தேடிப் போயிருந்தார்கள். ஒரு நாள் பத்துப்பன்னிரண்டு பெண்கள் துணி மூட்டையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். முன்னால் நின்றவளை எனக்குத் தெரியும். கொழுந்துக் கூடையோடு பாதையில் போகும்போது பார்த்திருக்கிறேன். என் வயதுதான் இருக்கும். மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல்.

“டீமேக்கரம்மா, குடிக்கிற தண்ணிக்கு ரோட்டுக் கொழாய்க்குப் போய்க்கிறோம். துணி தொவைக்க அவ்வளவு தூரம் சொமக்க ஏலாதுங்க. ஒங்க கல்லுல தொவைச்சுக்கிடலாமா?”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் வெட்கத்தில் உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்தே, “வரட்டும் புள்ள” என்றார். பிறகு, “அலசுற தண்ணி புல்லுக்கு வர்ற மாதிரி பண்ணிக்கலாம்” என்றார்.

துவைக்கிற கல் வீட்டுக்குப் பக்கவாட்டில், புல்தரையை விடக் கொஞ்சம் மேட்டில் இருந்தது. அன்று மாலையே அவர் மண்வெட்டியால் இரண்டு வாய்க்கால் வெட்டினார். சோப்புத் தண்ணீர் ஒன்றின் வழியே சரிவில் ஓடிவிடும். அலசிய தண்ணீர் இன்னொன்றின் வழியே புல்லுக்குப் போகும். மடை மாற்ற ஒரு ஓடு வைத்தார். பெண்கள் முதலில் மறந்து மறந்து சோப்புத் தண்ணீரைப் புல்லுக்கு விட்டார்கள். ஓரிடம் மஞ்சளாகப் போனது. அவர் அதைப் பார்த்துவிட்டு முகம் வாடி நின்றார். முன்னால் வந்து கேட்டாளே, அவள் மற்றவர்களைப் பிடித்துக்கொண்டாள்.

“அடியே, ஓட்டை மாத்துங்கடி! டீமேக்கர் ஐயா மொகத்தப் பாருங்க, வீட்டுல எழவு விழுந்தாப்பல நிக்கிறாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டார். பல்வரிசை தெரிய அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். வெள்ளைத் துணிக்கு நீலம் போட்டு அலசிய நாட்களில் வாய்க்கால் வாயோரம் புல் லேசாக நீலம் பாரித்திருக்கும்.

துணியைக் காயப்போடுவதில் இன்னொன்று நடந்தது. வழக்கமாகச் சேலைகளைத் தேயிலைச் செடிகள் மேல்தான் விரிப்பார்கள். கவாத்து வெட்டிச் சமமாக இருந்தவரை அது மேசை மாதிரி இருக்கும். இப்போது குச்சி குச்சியாக வளர்ந்து நின்றதில் சேலைகள் மாட்டிக் கிழிந்தன. அதனால் அவர்கள் புல்தரையில் விரிக்கத் தொடங்கினார்கள். அவர் பதறினார்.

“வெயிலு படாட்டிப் புல்லு வெளுத்துப் போயிருமே?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார்.

“நீங்களே போய்ச் சொல்லுங்க.”

“நீ சொல்லு புள்ள.”

நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தால், சேலை விரித்த இடத்தில் புல் மற்ற இடத்தைவிடத் தெளிவாக இருந்தது. பிழிந்த சேலையிலிருந்து ஈரம் இறங்கி, உச்சி வெயிலும் மறைந்து, அடியில் மண் குளிர்ந்திருந்தது. ஒரே இடத்தில் விரிக்காமல் தினம் இடம் மாற்றினால் போதும். அதன்பிறகு அவரே ஜன்னலோரம் நின்றுகொண்டு, “இன்னைக்கு அந்த வேலியோரமா விரிக்கச் சொல்லு” என்று எனக்கு வேலை வைத்தார்.

பங்குனி முழுக்க அப்படிப் போனது. சிவப்பு, மஞ்சள், கிளிப்பச்சை, வெளுத்துப்போன கத்தரிப்பூ நிறம் என்று சேலைகள் புல் முழுக்கக் கிடக்கும். காற்று வந்தால் ஒவ்வொன்றின் நடுவும் மெல்ல எழும்பித் தாழும், தூங்குகிற பிள்ளையின் வயிறு மாதிரி. பெண்கள் நிழலில் உட்கார்ந்து தலை வாருவார்கள். யார் வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து ஆளிடம் சொல்லி அனுப்பினார், யார் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று பேச்சு போய்க்கொண்டேயிருக்கும். நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். சில சமயம் எனக்கே தெரியாமல் அங்கே நின்று சிரிப்பேன். சேலைகளுக்கு நடுவே ஒற்றையடிப்பாதை போல விட்டிருந்த பச்சையில் வெறுங்காலோடு நடந்தால் உள்ளங்கால் சில்லென்று இருக்கும். மலை முழுக்கக் காய்ந்து கிடக்க, எங்கள் வீட்டு முன்னால் மட்டும் அந்தப் பச்சை. மேலே ரோட்டு வளைவில் பஸ் திரும்பும்போது ஆட்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது தெரியும்.

ஆனால் தொட்டிக்கு வருகிற தண்ணீர் நூல்போல இளைத்துக்கொண்டே வந்தது. ஒருவர் துவைத்து முடிப்பதற்குள் தொட்டி காலியாகிவிடும். நிறையும் வரை மற்றவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் துவைக்காமலே மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பினார்கள்.

கணீர்க் குரல்காரிக்குப் பந்தலூர்ப் பக்கம் அண்ணன் இருந்தார். அண்ணன் மகளுக்குச் சடங்கு வைத்திருந்தார்கள். அதற்குக் கட்டிப்போக அவளிடம் ஒரே ஒரு நல்ல சேலை. அரக்கு நிறம், மஞ்சள் கரை. தண்ணீருக்குக் காத்திருந்து அதை அலசி முடிக்க இருட்டிவிட்டது. புல்லில் விரித்துவிட்டு, “விடிய வந்து எடுத்துக்கிறேன்மா. சொணங்காம வந்துருவேன்” என்று போனாள்.

மறுநாள் விடியலில் மூடுபனி இறங்கியிருந்தது. நான் கதவைத் திறந்தபோது அவள் வாசற்படிக்குக் கீழே அசையாமல் நின்றிருந்தாள். திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என்னைத் தடுத்தாள்.

“அம்மா, சத்தம் போடாதீங்க. என் சேலை மேல நிக்கிது.”

பனியில் முதலில் எனக்கு நான்கு வெள்ளைக் கால்கள்தான் தெரிந்தன. பிறகு அவற்றுக்கு மேலே ஒரு பெரிய கருப்பு மெல்ல உருவமானது. காட்டெருமை. பக்கத்தில் பழுப்பு நிறத்தில் கன்று. சரக், சரக் என்று புல்லைக் கடித்து இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பெரிய விலங்கு அவ்வளவு நிதானமாக, யாரோ பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறியது போலச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் என் பின்னால் வந்து நின்றார். மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். பயம் இருந்தது; ஆனாலும் அது போய்விடக் கூடாதே என்றும் இருந்தது.

அது தலையை நிமிர்த்தியபோது, கொம்பில் சேலை மாட்டியிருந்தது. ஒருமுறை தலையை உலுக்கிப் பார்த்தது. விழவில்லை. பிறகு அதைப் பற்றிக் கவலைப்படாமல் கன்றையும் கூட்டிக்கொண்டு வேலி முறிந்த பக்கமாக இறங்கியது. அரக்குச் சேலை பனிக்குள் நீளமாக இழுபட்டுக்கொண்டே போனது.

“ஐயோ, சடங்குச் சேலை!” என்று அவளுக்கு அப்போதுதான் குரல் வந்தது.

“போனாப் போகுதுங்க, கிட்டப் போயறாதீங்க. கன்னு கூட இருக்குது, முட்டிப்போடும்” என்றார் அவர். சொல்லிவிட்டுக் கையில் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு அவரே இறங்கினார். அவள் அவர் பின்னால் போனாள். வீட்டைத் திறந்துபோட்டபடி நானும் போனேன்.

வெகுதூரம் விட்டுத்தான் நடந்தோம். தேயிலைச் செடிகள் தலைக்கு மேல் நின்றன. அவற்றில் வெள்ளைப் பூக்கள் பூத்திருந்ததை நான் அன்றுதான் கவனித்தேன். பறித்துக்கொண்டேயிருந்த வரைக்கும் அந்தச் செடிகளுக்குப் பூக்க நேரமே கிடைக்கவில்லை. முன்னால் பனியில் அரக்கு நிறம் தெரியும், மறையும், மறுபடி தெரியும்.

வழி தொழிற்சாலையை ஒட்டிப் போனது. மூடிய பிறகு அவர் அந்தப் பக்கமே போனதில்லை. கழிவு மூட்டையைக்கூடக் காவல்காரரிடம் சொல்லித்தான் கொண்டுவரச் செய்தார். இப்போது கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார். கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். பிறகு பூட்டைத் தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

“துரு வாசம் மட்டுந்தான் வருது புள்ள” என்றார்.

நான் அவர் தோளைத் தொட்டேன். வெளியில், இன்னொருவர் பார்க்க, அப்படித் தொட்டதே இல்லை. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு மறுபடி நடந்தார்.

தொழிற்சாலைக்குக் கீழே ஒரு பள்ளம் உண்டு. உண்ணிச்செடியும் பெரணியும் மண்டி, யாரும் இறங்க முடியாமல் கிடந்த இடம். காட்டெருமைகள் நடந்து நடந்து அதில் ஒரு பாதை விழுந்திருந்தது. பாதி வழியில் சேலை ஒரு புதரில் கிடந்தது. அவள் அதை எடுக்கப் போனவள், எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“கேக்குதா?” என்றாள்.

தண்ணீர் விழும் சத்தம். விலங்குகள் அந்தப் பக்கம் மேடேறிப் போகும்வரை காத்திருந்து இறங்கினோம். பாறை இடுக்கிலிருந்து மணிக்கட்டுக் கனத்துக்குத் தண்ணீர் வழிந்து, சேற்றில் விழுந்து, அங்கேயே மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் பாசி பிடித்த இரண்டு செதுக்கிய கற்கள். மோட்டார் வருவதற்கு முன்னால், எந்தக் காலத்திலோ, அங்கே ஆட்கள் தண்ணீர் பிடித்திருக்க வேண்டும்.

“பீலி!” என்றாள் அவள். மலையில் குழாய் வைத்து விழவைக்கிற தண்ணீரை இலங்கையில் அப்படித்தான் சொல்வார்களாம். “நான் பொறந்த லயத்துக்குப் பக்கத்துல இப்பிடித்தான் ஒண்ணு. நாங்க கப்பலேறயில எனக்கு ரொம்பச் சின்ன வயசு. ஊரு மொகமெல்லாம் மறந்துபோச்சு. இந்தச் சத்தம் மட்டும் மறக்கலம்மா.”

முகத்தைக் கழுவிக்கொண்டு அப்புறம்தான் சேலையை விரித்துப் பார்த்தாள். கரையோரம் ஒரு முழத்துக்குக் கிழிந்திருந்தது. நான் “அடடா” என்றேன்.

“கிழிசல உள்ள விட்டுக் கட்டிக்கிட்டா யாருக்குத் தெரியப்போகுது? காட்டெருமை கட்டிப் பாத்துட்டுக் குடுத்த சேலைன்னு அண்ணங்கிட்ட சொல்லுவேன்” என்று சிரித்தாள். அதைக் கட்டிக்கொண்டுதான் பந்தலூருக்குப் போய்வந்தாள்.

அந்த வாரமே அவர் வெட்டரிவாளோடு பள்ளத்தில் இறங்கினார். லயத்துப் பெண்கள் புதரை வெட்டிச் சேர்த்தார்கள். அவர் மூங்கிலைப் பிளந்து, கணுவைச் செதுக்கி, பாறை இடுக்கில் களிமண் வைத்துப் பொருத்தினார். கீழே தட்டைக் கற்களைப் பரப்பினார். வேலை முடிந்து சேறும் சிராய்ப்புமாக வந்தவருக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன்.

“இனி அவங்க அங்கயே தொவைச்சுக்குவாங்க. நம்ம புல்லுக்கு என்னங்க பண்றது?”

“லயத்துக்கு அதுதானே பக்கம்? மூட்டையத் தூக்கிக்கிட்டு மேடேறி வர்ற பாடு மிச்சம்.” முழங்கைச் சேற்றைத் தேய்த்துக்கொண்டே, “காஞ்சா மழைக்கு வரும் புள்ள” என்றார்.

பெண்கள் வருவது நின்றது. எங்கள் துவைக்கிற கல் வெயிலில் சுட்டுக் கிடந்தது. வேலியோரத்திலிருந்து பச்சை பின்வாங்கத் தொடங்கியது. எங்கள் இரண்டு பேர் தண்ணீருக்கு எவ்வளவு புல்லைக் காப்பாற்ற முடியும்? ஒரு பாய் அளவு. எந்த இடம் என்று முடிவு பண்ண, இரண்டு பேரும் வாளியோடு புல்தரையைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். நான் வாசற்படி ஓரம் என்றேன். அவர் ஜன்னலுக்கு நேரே என்றார். ஏன் என்று நான் கேட்பதற்குள் அங்கே வாளியைச் சாய்த்துவிட்டார். அவர் சொன்ன இடத்துக்கே ஊற்றினோம். மற்றதெல்லாம் பழுத்து வெளுத்தது. நடுவே பாய் விரித்த மாதிரி ஒரு சதுரம் மட்டும் பச்சையாக நின்றது. மாலையில் டம்ளரில் காப்பியோடு அதில் போய் உட்காருவோம். இரண்டு பேர் உட்கார்ந்தால் அதற்கு மேல் இடமிருக்காது.

அப்படி ஒரு மாலையில், எதிர்மலை ஊதா நிறமாகிக்கொண்டிருந்தபோது, அவர் புல்லைத் தடவியபடி சொன்னார்:

“ராத்திரி வேலை முடிச்சு வருவேனில்ல, நேரா ஊட்டுக்குள்ள வரமாட்டேன். காதுக்குள்ள மெஷினு ஓடிக்கிட்டே இருக்கும். அது அடங்கற வரைக்கும் இங்கதான் உக்காந்திருப்பேன். ஜன்னல்ல நீ தூங்கறது தெரியும். அப்பறந்தான் கதவத் தொறப்பேன்.”

“தினமுங்களா?”

“மழை இல்லாத நாளெல்லாம்.”

எத்தனை வருஷம். நான் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறேன், சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் பனியில் உட்கார்ந்து காது அடங்கக் காத்திருந்திருக்கிறார். நான் காப்பியைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் எதிர்மலையையே பார்த்துக்கொண்டிருந்தார், கையை எடுக்கவில்லை.

பெண்களின் பேச்சு இல்லாத பகல்கள் எனக்கு நீளமாக இருந்தன. ஒரு நாள் போர்வை, ஜன்னல் திரை என்று அவ்வளவாக அழுக்கில்லாததையெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு நானே பள்ளத்துக்கு இறங்கினேன். டீமேக்கர் வீட்டு அம்மா லயத்துப் பக்கம் துணி துவைக்கப் போகிற வழக்கம் அந்த எஸ்டேட்டில் இல்லை. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. இரண்டு பேர் எழுந்துகூட நின்றார்கள். கணீர்க் குரல்காரி மட்டும் எழுந்திருக்காமல், தன் பக்கத்தில் இருந்த கல்லின் மேல் தண்ணீர் அள்ளி ஊற்றிக் கழுவினாள்.

“இங்கிட்டு வாங்கக்கா. இந்தக் கல்லு வழுக்காது” என்றாள்.

அதன்பிறகு நான் அவளுக்கு டீமேக்கரம்மா இல்லை. தினமும் போனேன். துவைக்க ஒன்றும் இல்லாத நாளிலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனேன்.

சித்திரை நடுவில் மழை வந்தது. நாங்கள் பீலியில் இருந்தபோதுதான் மேலே மேகம் கருத்து, முதலில் ஆலங்கட்டி பொடிப்பொடியாகப் பாறையில் தெறித்தது. பிறகு மழை. காயப்போட்டதெல்லாம் மறுபடி நனைந்தது. யாரும் எடுக்க ஓடவில்லை. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன். அவர் வாசற்படியில் நின்று, பழுத்த புல்லில் தண்ணீர் தேங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சில நாட்களில் மஞ்சளுக்கு அடியிலிருந்து ஊசி ஊசியாகப் பச்சை எழுந்தது. எதிர்மலையும் பச்சையானது, பாதையோரமும் பச்சையானது. நாங்கள் காப்பாற்றிய சதுரம் எது என்று எங்களுக்கே பிறகு தெரியவில்லை.

தொழிற்சாலை திறக்கவில்லை. ஆனி மாதம் கோத்தகிரிப் பக்கம், சிறு விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்குகிற ஒரு தொழிற்சாலையில் அவருக்கு வேலை கிடைத்தது. டீமேக்கர் வேலை இல்லை, அதற்கு ஒரு படி கீழே. இரவு வேலை வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டாராம். வந்து சொன்னபோது அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால், வீட்டுச் சாமானெல்லாம் கட்டிவைத்த களைப்போடு மத்தியானம் பீலிக்குப் போனேன். காலைத் தண்ணீரில் விட்டபடி பாறையில் சாய்ந்தேன். பெண்கள் என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். யாருடைய வீட்டுக்காரரோ திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார், மகளுக்குப் பாவாடை வாங்கி வந்திருக்கிறார் என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

கண் விழித்தபோது வெயில் பள்ளத்தைவிட்டு மேலேறிப் போயிருந்தது. எல்லாரும் சாப்பாட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். அவள் மட்டும் எதிர்க்கல்லில் உட்கார்ந்து, குச்சியால் என் கால் பக்கம் ஊர்ந்த அட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

“எழுப்பியிருக்கலாமில்லீங்க?” என்றேன்.

“நல்லா தூங்குனீங்க. எருமை வந்தா எழுப்பலாம்னு இருந்தேன்” என்றாள். “வாங்கக்கா, எங்க வீட்டுல ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. ரொட்டி சுட்டு வச்சிருக்கேன்.”

நான் எழுந்து சேலையை உதறிக் கட்டிக்கொண்டேன். அவள் முன்னால் நடந்தாள். அத்தனை வருஷத்தில் முதல் முறையாக லயத்துக்குப் போகும் பாதையில் திரும்பினேன்.